அண்ணையிடம் ரோல்ஸ் வாங்கும் அதிகாரம்

நான் வேலை செய்கிற இடத்தில் ஒரு விசித்திரமான நியாயம் உண்டு. ஒரு வீடு எரிகிறதென்றால், அங்கே நிற்கிற பொறுப்பாளர் எவ்வளவும் செலவழிக்கலாம். பாரந்தூக்கி வேணுமா, கூப்பிடலாம். மண் கிண்டிக் கிடங்கு வெட்டுகிற மெஷின் வேணுமா, பக்கத்துத் தோட்டக்காரரிடம் வாடகைக்கு எடுக்கலாம். வீடிழந்த ஆக்களை பஸ் பிடித்து ஹோட்டலில் கொண்டுபோய் விடலாம். ஏன் எதற்கு என்று ஒருத்தரும் கேட்க மாட்டார்கள். அதே மனுசன் அடுத்த நாள் அலுவலகத்துக்கு வந்து, கோப்பி மெஷின் உடைந்துபோச்சு, புதிது ஒன்று வாங்கலாமா என்று என் மேசைக்கு முன்னால் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரிக் கையைப் பிசைந்துகொண்டு நிற்பார். பார்ப்போம் என்பேன். உண்மையில் எனக்கும் அதற்கு அதிகாரமில்லை.

எங்களுடையது டென்மார்க்கில் கடலோரத்து நாலைந்து கொம்யூன்கள், ஊரில் பிரதேச சபைகள் மாதிரி, சேர்ந்து வைத்திருக்கிற தீயணைப்புச் சேவை. தீயணைக்கிற ஆக்களில் கனபேர் பகுதிநேரம். ஒருத்தர் பன்றி வளர்க்கிறவர், ஒருத்தர் குழாய் திருத்துகிறவர், ஒருத்தி பாலர் பள்ளி ரீச்சர். இடுப்பில் இருக்கிற சின்ன அவசர அழைப்புப் பெட்டி கத்தினால் போட்டதைப் போட்டபடி விட்டுவிட்டு ஓடி வருவார்கள். நெருப்புக்குள் பாய அவர்களிடம் யாரும் கையெழுத்துக் கேட்பதில்லை. ஆனால் யார் எவ்வளவு செலவழிக்கலாம் என்பதற்குப் பக்கம் பக்கமாக விதி இருக்கிறது. குழுத் தலைவருக்கு ஒரு அளவு, ஸ்டேஷன் தலைவருக்கு அதைவிடக் கொஞ்சம் கூட, பெரிய அதிகாரிக்கு இன்னும் கூட, அதற்கும் மேலே போனால் மேயர்மார் கூடியிருந்து யோசிக்க வேணும். பெரிய சாமானை இரண்டு பில்லாகப் பிரித்து வாங்கி விதிக்குள் நுழைக்கக் கூடாது. வெள்ளிக்கிழமைக் காலையில் எல்லாரும் ஒன்றாக இருந்து சாப்பிடுகிற பாணுக்கும் அதில் ஒரு வரி உண்டு. பட்டர் வாங்கலாம், ஜாம் வாங்கலாம், சீஸ் மட்டும் அவரவர் வீட்டிலிருந்து கொண்டுவர வேணும். ஏன் என்று கேட்டேன். ஒருத்தருக்கும் தெரியாது.

அந்தக் கண்டறியாத விதிக்குக் காவல் நிற்கிறதுதான் என் வேலை. முந்தி ஒடென்சேயில் ஒரு தொழிற்சாலையில் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தேன். தோள்மூட்டு போன பிறகு, இந்த ஊருக்கு வந்து, படித்து, கணக்கு வேலைக்கு வந்து சேர்ந்தேன். சும்மா சொல்லக் கூடாது, எனக்கு இந்த வேலை நல்லாய்ப் பிடிக்கும். நெருப்புக்குப் பயப்படாத ஆறடி ஆம்பிளைகள் பில் தொலைந்துபோனால் எனக்குப் பயப்படுவார்கள். இதை வீட்டில் சொன்னபோது, "இதென்ன புதினமே, இஞ்சயும் அப்பிடித்தானே" என்றார் இவர். இவர் என்றால் என் கணவர். பகிடி விடாமல் ஒரு வாய் தேத்தண்ணி குடிக்க மாட்டார்.

என் மேலதிகாரி ஒரு டெனிஷ் பெண். ஐம்பதை எட்டுகிற வயது. மழையோ பனியோ, சைக்கிளில்தான் வருவா. அவவின் மேசையில் பென்சில்கூட நேராகத்தான் படுத்திருக்கும். ஆனால் நல்ல மனுசி. என் தோள் நோகிற நாட்களில் நான் கேளாமலே பாரமான கோப்புகளைத் தூக்கி வைத்துவிட்டுப் போவா. அவதான் ஒருநாள் என்னைக் கூப்பிட்டு, எனக்கென்று ஒரு அதிகாரம் தந்தா.

விஷயம் சாப்பாடு. நெருப்பு கனநேரம் எரிந்தால், அங்கே நிற்கிற ஆக்களுக்குச் சாப்பாடு கொடுக்க வேணும். அதுவரைக்கும் ஸ்டேஷன் தலைவர் தன் அவசரத்தோடு அவசரமாகப் பெற்றோல் நிலையத்தில் சொசேஜ் வாங்கிக் கொடுப்பார், சில வேளை மறந்தும் போவார். இனிமேல் நீண்ட வேலை என்றால், யாரையும் கேளாமல் நானே சாப்பாடு சொல்லலாம். எழுத்தில் தந்தா. எனக்குப் புழுகம் தாங்கவில்லை. வீட்டுக்கு வந்து சப்பாத்துக் கழற்ற முதலே சொன்னேன்.

"எனக்கு அதிகாரம் தந்திருக்கினம்."

"எவ்வளவுக்கு?" என்றார் இவர்.

"எத்தினை பேர் நிண்டாலும் சாப்பாடு சொல்லலாம்."

"அது கலியாண வீட்டு அதிகாரமெல்லோ! அதை உனக்கு எங்கட சனம் எப்பவோ தந்திட்டுது."

என் அதிகாரத்துக்கு முதல் வேலை வந்தது அறுவடை முடிந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஒரு பண்ணையில் வைக்கோல் கொட்டில் பற்றிக்கொண்டது. வைக்கோல் நெருப்பைத் தண்ணீர் ஊற்றி அணைக்க ஏலாது. பிரித்துப் பிரித்துப் போட்டு எரிய விட்டுக்கொண்டு பக்கத்தில் நிற்க வேணும். மத்தியானம் தாண்டியும் எரிந்தது. நாங்கள் வழமையாகச் சான்ட்விச் எடுக்கிற கடை பூட்டு. பெற்றோல் நிலையத்தில் சொசேஜ் முடிந்துபோச்சாம். அங்கே முப்பது பேர் பசியோடு நிற்கிறார்கள், இங்கே வீட்டில் நான் அதிகாரத்தை மடியில் வைத்துக்கொண்டு இருக்கிறேன். பேந்து ஒன்றும் யோசிக்கவில்லை. அண்ணைக்கு போன் எடுத்தேன்.

அண்ணை யார் என்று இந்த இடத்திலேயே சொல்லிப்போட வேணும். பிறகு வந்த வில்லங்கம் முழுக்க அதில்தான். அவருக்கு எங்கள் பட்டினத்தில் ஒரு தமிழ்க் கடை இருக்கிறது. முன்னால் முருங்கைக்காய், கறித்தூள், உறைய வைத்த பாரை மீன். பின்னால் ஒரு குசினி, அங்கே அவரும் அண்ணியும் ரோல்ஸ், பற்றிஸ், வடை எல்லாம் செய்து விற்பார்கள். அவர் மன்னார், வேதக்காரர், கழுத்தில் சிலுவைச் சங்கிலி. நான் யாழ்ப்பாணம், சைவக் குடும்பம், நெற்றியில் பொட்டு. இரண்டு குடும்பத்துக்கும் ஊரில் ஒரு போக்குவரத்தும் இருந்ததில்லை. டென்மார்க் இல்லாவிட்டால் நான் அவரைக் கண்டேயிருக்க மாட்டேன்.

நான் கலியாணம் கட்டி வந்த முதல் மாரியில், ஒடென்சேயில் எங்களுக்கு மேல் வீட்டில் அவர்கள் இருந்தார்கள். அவருக்கு அப்போது ஒரு பழைய கார் இருந்தது, கதவு ஒன்று திறக்காது. ஒரு பின்னேரம் எனக்குப் பிள்ளை நோ தொடங்கிவிட்டது. இவர் தொழிற்சாலையில், தொடர்புகொள்ள வழியில்லை. அண்ணியும் வேலைக்குப் போய்விட்டா. வெளியில் பனி கொட்டுகிறது. கதவைத் தட்டினேன், அந்த மனுசன் சாப்பிட்ட கையோடு எழும்பி வந்து என்னை காரில் ஏற்றினார். ஆஸ்பத்திரியில் தாதி அவரை வாசலிலேயே நிற்பாட்டிவிட்டா. நீயா தகப்பன் என்று கேட்டா. அவர் பதறிப்போய், இல்லை இல்லை என்று இரண்டு கையையும் ஆட்டினார். அப்போ நீ யார்? அவர் முழித்தார். நான் அவருடைய சேட்டுக் கையைப் பிடித்த பிடியை விடவில்லை. எனக்கு டெனிஷ் ஒரு சொல்லும் தெரியாது, அவரும் போய்விட்டால் அந்த வெள்ளைச் சுவர்களுக்குள் நான் தனிய. அவர் தனக்குத் தெரிந்த கொஞ்ச டெனிஷைத் துழாவித் துழாவி, கடைசியாக ஒரு சொல்லைக் கண்டுபிடித்துச் சொன்னார்.

"ப்ரோர்."

சகோதரன். தாதி அவருடைய சிலுவையைப் பார்த்தா, என் பொட்டைப் பார்த்தா, பிறகு கதவைத் திறந்துவிட்டா. இவர் வந்து சேரும் வரைக்கும் அந்த மனுசன் அறை மூலையில் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார், ஒருக்காலும் திரும்பவில்லை. நான் நல்லூர் முருகனைக் கூப்பிட, அவர் மடு மாதாவைக் கூப்பிட, யார் வந்தார்களோ தெரியாது, மகள் பிறந்தாள். அன்றிலிருந்து எனக்கு அவர் அண்ணை. பின்னால் நாங்கள் இந்தப் பட்டினத்துக்கு வந்ததே அவர்கள் இங்கே கடை போட்டதால்தான்.

வைக்கோல் நெருப்புக்கு அவரே தன் வான் வண்டியில் என்னையும் ஏற்றிக்கொண்டு சாமானோடு வந்து இறங்கினார். தட்டுத் தட்டாக ரோல்ஸ், பற்றிஸ், வடை, பெரிய பிளாஸ்கில் இஞ்சித் தேத்தண்ணி. முகமெல்லாம் கரி பூசின ஆக்கள் சுற்றி நின்று பார்த்தார்கள். பன்றி வளர்க்கிறவர்தான் முதலில் கையை நீட்டினார்.

"இதற்குள் என்ன?"

"ஆட்டிறைச்சி," என்றேன்.

"உறைக்குமா?"

"கொஞ்சம்."

கொஞ்சம் என்று நான் சொன்னது எங்களுடைய கொஞ்சம். மனுசனுக்குக் கண்ணிலும் மூக்கிலும் தண்ணீர் ஓடியது. புகை அடிக்குது, புகை அடிக்குது என்று சொல்லிக்கொண்டு இன்னும் இரண்டு எடுத்தார். அதற்குப் பிறகு ஒருத்தரும் என்ன ஏது என்று கேட்கவில்லை, தட்டுகள் காலியாகின. கடைசியில் ஸ்டேஷன் தலைவர் கையைத் துடைத்துக்கொண்டு, இதெல்லாம் யார் செய்தது என்று கேட்டார்.

"மின் ப்ரோர்," என்றேன். என் சகோதரன்.

மனதில் ஒரு கள்ளமும் இல்லாமல் வந்த சொல் அது. வேறு எப்படிச் சொல்கிறது? அவருடைய பெயரைச் சொல்ல என் நாக்கு வளையாது. ஸ்டேஷன் பலகையில் அவருடைய கடை நம்பரை எழுதிப் போட்டபோதும், பெயருக்குப் பதில் ஆங்கில எழுத்தில் "அண்ணை" என்றுதான் எழுதினேன். டெனிஷ் ஆக்கள் அதுதான் அவருடைய பெயர் என்று நினைத்துக்கொண்டார்கள். அவரைக் கண்டால் ஹலோ அண்ணை என்று தூரத்திலிருந்தே கை காட்டுவார்கள். அவருக்கு அதில் சரியான எடுப்பு. தீயணைப்பு வண்டிக்கு முன்னால் அவர்களோடு நின்று எடுத்த படத்தைக் கடையில் கறித்தூள் தட்டுக்கு மேலே மாட்டிவிட்டார். அதன் பிறகு இரண்டு வருசமாக எங்கே நீண்ட வேலை என்றாலும் ரோல்ஸ்தான். முந்தி கெதியாக அணைகிற நெருப்பெல்லாம் இப்போது சாப்பாடு வரும்வரை எரிகிறதே என்று பெரிய அதிகாரி கூடப் பகிடி பண்ணினார்.

ஒரு வெள்ளிக்கிழமை, பாண் சாப்பிட்டுக்கொண்டு இருந்தபோது, மேலதிகாரி ஒரு புது விஷயம் சொன்னா. செலவழிக்க அதிகாரம் உள்ள எல்லாரும், தாங்கள் சாமான் வாங்குகிற இடத்தில் சொந்தக்காரர் யாரும் இருக்கிறார்களா என்று சொல்ல வேணுமாம். நான் ஜாம் பூசிக்கொண்டிருந்தேன். எனக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்? அப்போது பன்றி வளர்க்கிறவர் வாய் நிறையப் பாணோடு, வலு சந்தோசமாக என்னைக் காட்டிச் சொன்னார்:

"இவளுடைய சகோதரன்தானே எங்களுக்குச் சாப்பாடு போடுகிறான்!"

மேலதிகாரியின் கையில் பட்டர் கத்தி அப்படியே நின்றுவிட்டது. "இன்ஹபீல்," என்றா மெதுவாக.

அந்தச் சொல்லுக்கு எங்கள் விதியில் தனி இடம் உண்டு. சொந்தத்தாலோ நெருக்கத்தாலோ ஒரு அலுவலில் முடிவெடுக்கத் தகுதியில்லாத ஆளை அப்படிச் சொல்வார்கள். கொள்ளையடித்தவனைச் சொல்வது போலத்தான் அது என் காதில் விழுந்தது. பிறகு தன் அறைக்குக் கூப்பிட்டு, கதவைச் சாத்திவிட்டு விளங்கப்படுத்தினா. சகோதரனிடம் இவ்வளவு காலம் சொல்லாமல் கொள்ளாமல் வாங்கியிருந்தால் எச்சரிக்கை வரும், வேலையும் போகலாம். சொந்தமில்லை என்றால் ஒரு சோலியும் இல்லை. வியாழக்கிழமை வடிவாகக் கதைப்போம், யோசித்துக்கொண்டு வா என்றா. அவவின் முகத்திலும் ஒரு கவலை இருந்தது.

வீட்டுக்கு வந்து ஒரு மூச்சு அழுதுவிட்டுத்தான் கதையைச் சொன்னேன். வேலை போனால் இந்தத் தோளோடு எந்தத் தொழிற்சாலைக்குத் திரும்பிப் போவேன்?

"இதில யோசிக்க என்ன கிடக்கு?" என்றார் இவர். "அவர் எனக்குச் சொந்தமில்லை எண்டு சொல்லு. உண்மைதானே? பொய் சொல்லச் சொல்லியா கேக்கினம்?"

மகள் அந்தக் கிழமை வீட்டில் நின்றாள். போனைத் தடவிக்கொண்டே, அம்மா, அவர் உங்கள் சகோதரன் இல்லைத்தானே, அதில் என்ன நாடகம் என்று டெனிஷில் சொன்னாள். அவள் எங்களோடு கதைக்கிறதே டெனிஷில்தான்.

"அப்ப உனக்கு அவர் ஆர்?" என்று கேட்டேன்.

"மாமா," என்றாள், தலை நிமிராமல். அந்த ஒரு சொல்லை மட்டும் தமிழில்.

"பாத்தியா? அதுதானடி எனக்கும் கரைச்சல்," என்றேன்.

புதன்கிழமை வேலை முடிய நேரே கடைக்குப் போனேன். அண்ணை கத்தரிக்காய் நிறுத்துக்கொண்டிருந்தார். ஒளிக்காமல் எல்லாம் சொன்னேன். அவர் தராசில் வைத்த கையை எடுக்காமல் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார்.

"இவ்வளவுதானே? நானும் என்னவோ ஏதோ எண்டு பயந்து போனன். ஒருத்தரும் இல்லை எண்டு சொல்லு பிள்ளை. அப்பிடிச் சொன்னா நான் என்ன தேய்ஞ்சே போடுவன்?"

"உங்களுக்கு மனவருத்தம் இல்லையே அண்ணை?"

"விசர்க் கதை கதையாத. உன்ர வேலை முக்கியம். இந்தா, முருங்கைக்காய் நல்ல பிஞ்சு, கொண்டு போ."

அப்பாடா என்று இருந்தது. அவரே சொல்லிவிட்டார், பிறகென்ன? சைக்கிள் கூடையில் முருங்கைக்காய் நீட்டிக்கொண்டிருக்க, எதிர்காற்றில் மிதித்துக்கொண்டு வழி முழுக்கச் சொல்லிப் பார்த்தேன். அவர் எனக்கு ஒருத்தரும் இல்லை. அவர் எனக்கு ஒருத்தரும் இல்லை. டெனிஷில் சொல்ல லேசாகத்தான் இருந்தது.

வியாழக்கிழமை மேலதிகாரி இரண்டு கோப்பை கோப்பியோடு எனக்காகக் காத்திருந்தா. ஒவ்வொன்றாகக் கேட்டா. ஒரே தாயா? இல்லை. ஒரே தகப்பனா? இல்லை. தத்தெடுத்த சகோதரனா? இல்லை. உன் கணவனின் சகோதரனா? அதுவும் இல்லை. ஒவ்வொரு இல்லைக்கும் அவவின் முகம் கொஞ்சம் கொஞ்சமாக வெளித்தது. நானும் உற்சாகமாக இல்லை இல்லை என்று சொல்லிக்கொண்டு போனேன்.

"அப்படியென்றால் நெருங்கிய நண்பனா? நெருங்கிய நட்பும் விதிக்குள் வரும்."

கடவுளே! கலியாணம் கட்டி, வளர்ந்த பிள்ளை இருக்கிற பொம்பிளைக்கு ஆம்பிளைச் சிநேகிதனா? எங்கள் சனத்தின் காதில் விழுந்தால் தூரத்தில் புரொண்பி என்கிற ஊரில் இருக்கிற என் மச்சாள் வரைக்கும் பின்னேரத்துக்குள் போய்ச் சேர்ந்துவிடும்.

"நண்பனும் இல்லை, ஒன்றும் இல்லை!" என்று பதறினேன். "அவர் எனக்கு சகோதரன்!"

"இப்போதுதானே இல்லை என்றாய்?"

விளங்கப்படுத்தினேன். எங்கள் பாஷையில் வயதுக்கு மூத்த ஆம்பிளையைப் பெயர் சொல்லிக் கூப்பிடக் கூடாது, சகோதரன் என்றுதான் சொல்வோம் என்றேன்.

"யாரையும்?"

"யாரையும்."

"பஸ் ஓட்டுகிறவரைக்கூட?"

"தமிழர் என்றால், ஓம்."

அவ கதிரையில் சாய்ந்து பெருமூச்சு விட்டா, சந்தோசப் பெருமூச்சு. "அப்படியென்றால் அது வெறும் ஒரு சொல்."

ஓம், வெறும் சொல்தான் என்று சொல்ல வாயைத் திறந்தேன். அதோடு எல்லாம் முடிந்திருக்கும். வேலை, அதிகாரம், ரோல்ஸ், எல்லாம் இருந்த இடத்தில் இருந்திருக்கும். அதற்குள் அவ நல்லெண்ணத்தோடு இன்னொன்று சொன்னா.

"நல்லது. அவரும் அதைத்தான் சொன்னார். காலையில் கடைக்கு போன் எடுத்து விசாரித்தேன். நீ அங்கே சாமான் வாங்க வருகிற ஒருத்தி, உன்னைத் தனக்கு அவ்வளவாகத் தெரியாது என்றார்."

என்ன? அவ்வளவாகத் தெரியாதா?

எனக்கு உச்சந்தலையில் நெருப்பு ஏறியது. நான் சொல்ல இருந்ததும் அதைத்தான் என்பது அந்த நேரத்தில் எனக்கு நினைவுக்கே வரவில்லை. நான் சொல்லலாம், அவர் எப்படிச் சொல்லலாம்? கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது.

"பொய்!" என்றேன். கோப்பி மேசையில் தளும்பியது. "அவர் சொல்வது பச்சைப் பொய். என் பிள்ளை பிறக்கிறபோது சுவரைப் பார்த்துக்கொண்டு மூலையில் நின்ற மனுசன், அவருக்கு என்னைத் தெரியாதாமா? வெளியே போ என்று சொன்ன இடத்தில் நான் சகோதரன் என்று சொல்லி உள்ளே வந்தவர். அன்றைக்கு அவர் ஒருத்தரும் இல்லை என்று சொல்லியிருந்தால் நான் அங்கே தனியக் கிடந்திருப்பேன். அவர் என் சகோதரன். எழுது!"

டெனிஷில் எல்லாரும் எல்லாருக்கும் நீதான், ஆனாலும் மேலதிகாரியைப் பார்த்து எழுது என்று நான் கத்தினது அதுதான் முதல்முறை.

"நான் எழுதினால் என்ன நடக்கும் என்று தெரியுமா உனக்கு?"

"தெரியும். எழுது."

அவ லாச்சியைத் திறந்தா. மூக்குச் சிந்தக் கடுதாசி எடுத்துத் தந்தா. பிறகு எழுதினா.

வேலை தப்பியது. பழைய பில்களை எல்லாம் கிளறிப் பார்த்தார்கள், அண்ணை கலியாண வீடுகளுக்கு வாங்குகிறதைவிடக் குறைத்துத்தான் எங்களிடம் வாங்கியிருக்கிறார். ஆனால் எனக்கு ஒரு எச்சரிக்கை வந்தது, சாப்பாடு சொல்கிற அதிகாரமும் போனது. இனிமேல் அது மேலதிகாரியின் பொறுப்பு. அவவுக்கு அண்ணை ஒருத்தரும் இல்லை, ஆகவே அவ அங்கே தாராளமாக வாங்கலாம். அடுத்த வெள்ளிக்கிழமை பன்றி வளர்க்கிறவர் வந்து, ரோல்ஸுக்கும் எச்சரிக்கை கொடுத்துவிட்டார்களா என்று என்னிடம் பயந்து பயந்து கேட்டார்.

அண்ணையை நான் சும்மா விடவில்லை. அந்த வியாழக்கிழமைப் பின்னேரமே கடைக்குப் போய், ஆக்கள் நிற்கிறார்கள் என்றும் பாராமல் அவரில் ஏறிப் பாய்ந்தேன்.

"நான் ஆரெண்டு உங்களுக்குத் தெரியாதோ?"

"உன்ர வேலைக்காகத்தானே சொன்னனான். நீயும் அதைத்தானே சொல்லப் போனனீ?"

"சாமான் வாங்க வாறவ எண்டு சொல்லுங்கோ, அதோட நிப்பாட்டுங்கோ. 'அவ்வளவாத் தெரியாது' எண்டு ஆர் உங்களைச் சொல்லச் சொன்னது?"

அவர் ஒரு வெங்காயத்தை எடுத்துத் தோல் உரித்துக்கொண்டு நின்றார். விற்கிற வெங்காயம் அது.

"அண்டைக்கு ஒரு பொய் சொல்லி உன்னட்டை உள்ள வந்தன்," என்றார் பிறகு. "இண்டைக்கும் ஒரு பொய் சொல்லி உன்னைக் காப்பாத்துவம் எண்டு பாத்தன். சொன்ன பிறகு மத்தியானச் சோத்தையும் மூடி வைச்சிட்டன், பிள்ளை. அண்ணியைக் கேட்டுப் பார்."

"அண்டைக்குச் சொன்னது பொய் இல்லை," என்றேன்.

உள்ளே இருந்து அண்ணி, "ரெண்டு பேரும் சண்டை பிடிச்சு முடிஞ்சா தேத்தண்ணி ஆறுது" என்று குரல் கொடுத்தா. போய்க் குடித்தோம்.

மாரி தொடங்க ஒருநாள் பெருங்காற்று வந்தது. கடல் ஏறிக்கொண்டு வருகிறதென்று எங்கள் ஆக்கள் துறைமுகத்தில் காலையிலிருந்து மண்மூட்டை அடுக்கினார்கள். மத்தியானமாச்சு, வேலை முடிகிற மாதிரித் தெரியவில்லை. மேலதிகாரி என் அறை வாசலில் வந்து நின்றா.

"சாப்பாட்டு நம்பரைச் சொல்லு."

"நான் இன்ஹபீல்," என்றேன், முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டு. "நம்பர் சொல்லவும் எனக்கு அதிகாரமில்லை."

அவ ஸ்டேஷன் பலகையைத் தானே போய்ப் பார்த்து, அங்கே நின்றபடியே போன் எடுத்தா. எனக்குக் கேட்டது.

"ஹலோ, அண்ணை?"

பெயர் என்று நினைத்துக்கொண்டு சொல்கிறா! மற்றப் பக்கத்தில் அண்ணையின் சிரிப்பு எனக்கு இங்கே கேட்டது. அவ ஒரு துண்டில் குறித்துக்கொண்டு, ஓகே, ஓகே, உறைப்புக் கொஞ்சம் குறைவாக என்றெல்லாம் சொல்லி, கடைசியில் "தக், அண்ணை" என்று நன்றி சொல்லி வைத்தா. பிறகு திரும்பி வந்து, செய்து காட்டிவிட்டேன் பார் என்கிற மாதிரித் துண்டை என்னிடம் வாசித்தா.

"ரோல்ஸ். பற்றிஸ். வடை. தங்கச்சி." கண்ணாடியை மேலே தூக்கினா. "இந்தக் கடைசிச் சாமான் எனக்குத் தெரியாது. நான் அண்ணை என்றதும் 'சரி தங்கச்சி' என்றார். வைக்கிறபோதும் சொன்னார். வேணும்தான் என்று சொல்லிவிட்டேன். இனிப்பா அது? எல்லாருக்கும் காணுமா?"

சிரிப்பை அடக்கப் பார்த்தேன், அது அழுகையாக வந்தது.

"அது சாப்பாடு இல்லை," என்றேன். "அது நீ."

அண்ணை என்றால் என்ன, தங்கச்சி என்றால் என்ன என்று சொன்னேன். அவ துண்டில் அந்தக் கடைசிச் சொல்லை வெட்டப் பேனையை எடுத்தா, வெட்டவில்லை.

"அப்போ நானும் இன்ஹபீலா?"

"ஓம்," என்றேன்.

வெளியில் காற்று ஜன்னலை உலுக்கியது. அவ அந்தத் துண்டை நாலாக மடித்துத் தன் சட்டைப் பையில் வைத்துக்கொண்டா.

"முதலில் அவர்கள் சாப்பிடட்டும்," என்றா. "நாளைக்கு நான் பெரிய அதிகாரியிடம் போய்ச் சொல்கிறேன்."